செதில் புராணம்

நூறு டாலர் நோட்டு கையில் கிடைத்தால், அதிலிருக்கும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். (கிடைக்காவிட்டால் கூகுளில் பாருங்கள், செலவில்லை.) ஏறிய நெற்றி, தோளில் புரளும் முடி, 'உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்' என்கிற பார்வை. பெரிய மனுஷராயிற்றே என்று படம் வரைந்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். செதில்!

1777. ஐயாவுக்கு வயது 71. புதிதாகப் பிறந்த அமெரிக்காவுக்கு ஆதரவு தேடிப் பாரிஸில் முகாம். அவர் அடுத்த ஜோக்கை எப்போது சொல்வார் என்று சீமாட்டிகள் காத்துக் கிடந்தார்கள். தனியாக உட்கார்ந்தபோது ஐயா என்ன எழுதினார் தெரியுமா? உடம்பில் செதில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்ற குறிப்பு. முதுகு, விலா, கை, கால், தலைமுடிக்கு அடியில் என்று ஏரியா வாரியாக! மின்னலைக் கம்பி வைத்துத் தரையில் இறக்கியவரால் முதுகிலிருந்த செதிலை இறக்க முடியவில்லை.

பெலோஸ்த் மாத்திரை என்று ஒன்று அன்றைக்குப் பிரபலம். உள்ளே இருந்தது பாதரசம். அதை வாங்கி விழுங்கினார். பற்கள் ஆட்டம் கண்டன. மூன்று பல் போயே போய்விட்டது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார். போன பல் திரும்பி வரவில்லை. செதிலுக்கு அந்தப் பிரச்னையே இல்லை, திரும்பத் திரும்ப வந்தது.

அந்தக் குறிப்புகளைப் படித்த பிற்கால டாக்டர்கள் 'இது சொரியாசிஸ்' என்கிறார்கள். நம் சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மெல்ல மேலேறி உதிர்ந்துபோக ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. டவுன் பஸ் வேகத்தில் போக வேண்டியது ஆம்னி பஸ் வேகத்தில் போகிறது. அரைவேக்காட்டுச் செல்கள் மேலே வந்து அடை அடையாகக் குவிகின்றன. ஏன் இந்த அவசரம்? கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். ஆனால் அன்றைய டாக்டர்கள் பெயர் சூட்டு விழாவில் பிஸியாக இருந்தார்கள்.

விழாவின் தலைமை, லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வில்லன். பெயரைப் பார்த்து நம்பியார் மாதிரி கையைப் பிசைகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், தங்கமான மனிதர். தோல் நோய்களைக் கொப்புளம், செதில், பரு என்று கண்ணால் பார்த்தபடி எட்டு வகையாகப் பிரித்து அடுக்கினார். ஸ்டாம்ப் ஆல்பம் போடுகிற சிறுவனின் அதே சிரத்தை. 1808-ல் வந்த அவருடைய புத்தகத்தில் சொரியாசிஸ் பற்றிய வர்ணனையை இன்றைக்கும் மெச்சுகிறார்கள். ஒரே ஒரு சின்னச் சறுக்கல். ஒரே ஸ்டாம்பை இரண்டு பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

ஒன்றுக்கு சொரியாசிஸ் என்று பெயர். வட்ட வட்டமாக வந்தால் அதற்கு வேறு பெயர். என்ன பெயர்? லெப்ரா! கிரேக்க மொழியில் லெப்ரா என்றால் செதில் செதிலாக இருப்பது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் நூற்றாண்டுகளாக மொழிபெயர்ப்பாளர்கள் கையில் சிக்கிக் குஷ்டரோகம் ஆகிவிட்டிருந்தது. பாவம், யாருக்கும் தொற்றாத ஒரு நோய் வந்தவன், டாக்டரின் டிக்ஷனரி காரணமாக ஊரே ஒதுக்குகிற ஆளாக நின்றான்.

33 வருஷம் கழித்து, 1841-ல், வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா வந்து 'ஐயா, இரண்டும் ஒன்றுதான்' என்றார். ஹெப்ரா விஷயத்தை ஒழுங்காகப் பார்த்தே தீர வேண்டும் என்கிற ரகம். சொறி சிரங்குக்குக் காரணம் கெட்ட ரத்தம் அல்ல, ஒரு பூச்சி என்று காட்டத் தன் உடம்பிலேயே அந்தப் பூச்சிகளை விட்டுக்கொண்டு சொறிந்த மகானுபாவர். இன்றைக்கு இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டால் எத்திக்ஸ் கமிட்டிக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

ஹெப்ராவின் மாப்பிள்ளையும் தோல் டாக்டர்தான். இயற்பெயர் மோரிட்ஸ் கோன். வியன்னாவில் தடுக்கி விழுந்தால் ஒரு கோன் மேல்தான் விழ வேண்டும் என்ற நிலை. நம்ம ஊர் கவிஞர்கள் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். பிறந்த ஊர் கபோஷ்வார். ஊர்ப் பெயரை எடுத்துக் கபோசி ஆகிவிட்டார். நோய்க்குப் பெயர் வைத்து வைத்துப் பழகிய கை, கடைசியில் சொந்தப் பெயரையும் விடவில்லை.

சரி, பெயர் வைத்தாயிற்று. மருந்து?

ஆர்சனிக். ஆமாம், எலிக்கு வைக்கிற அதே பாஷாணம்தான். 1786-ல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய டாக்டர் அதைக் கரைத்து ஒரு மருந்து தயாரித்தார். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. யாராவது தண்ணீர் என்றே குடித்துவிடப் போகிறார்கள் என்று கொஞ்சம் லாவெண்டர் சேர்த்தார். என்ன ஒரு பொறுப்பு! தெரியாமல் விஷம் குடிப்பது தப்பு. சீட்டு வாங்கி, வேளைக்கு இத்தனை சொட்டு என்று குடித்தால் வைத்தியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கச் சொரியாசிஸ்காரர்கள் இந்த ஆர்சனிக்கைக் குடித்தார்கள். பலருக்குச் செதில் குறையவும் செய்தது. 1887-ல் ஜோனதன் ஹட்சின்சன் என்ற டாக்டர், 'எல்லாம் சரி, வருஷக்கணக்கில் இதைக் குடித்தவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வருகிறதே' என்று எழுதினார். அதற்குப் பிறகு உடனே நிறுத்திவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்தால், டாக்டர்களின் பாசத்தை நீங்கள் அறியவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் பாட்டில் திறந்தேதான் இருந்தது.

நடுவில் ஒரு கோவா விஜயம் உண்டு. பிரேசிலில் ஒரு காட்டு மரத்தின் பொந்துகளில் மஞ்சள் தூள் கிடைக்கும். பிரேசிலும் கோவாவும் அன்றைக்கு ஒரே போர்ச்சுக்கீசிய முதலாளியிடம் இருந்ததால் அந்தத் தூள் கப்பலேறிக் கோவாவுக்கு வந்தது. இங்கே படர்தாமரைக்குப் பூசினார்கள். 'கோவா பவுடர்' என்று பெயரும் வாங்கிவிட்டது. பிறந்தது ஓரிடம், ரேஷன் கார்டு வேறிடம்.

1870-களில் லண்டனில் பால்மானோ ஸ்கொயர் என்ற டாக்டரிடம் ஒருவர் வந்தார். படர்தாமரை என்ற நினைப்பில் கோவா பவுடர் பூசப்பட்டது. நோய் நன்றாகக் குணமானது. என்ன விசேஷம் என்றால், அது படர்தாமரையே இல்லை. சொரியாசிஸ்! இப்படித்தான் சொரியாசிஸுக்கு முதல் உருப்படியான பூச்சு மருந்து கிடைத்தது. அதிலிருந்து பிறந்த டித்ரனால் இன்றைக்கும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. பூசியவரின் சட்டை, பெட்ஷீட், தலையணை எல்லாம் பழுப்பும் ஊதாவுமாகக் கறையேறும். நோயைக் கண்டுபிடிக்கத் திணறிய ஊரில், நோயாளியை வண்ணான் சுலபமாகக் கண்டுபிடித்தார்.

1925-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் கோக்கர்மன் இன்னொரு வழி பிடித்தார். நோயாளியின் மேல் தாரைப் பூசி, அல்ட்ரா வயலட் விளக்கின் கீழ் படுக்கப் போடுவது. நிலக்கரித் தார்தான், ரோடு போடுகிற தாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சிரிக்காதீர்கள், வேலை செய்தது. சித்த வைத்தியர்கள் வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறியதும் எடுத்துப் பூசச் சொல்வார்கள். அங்கே விளக்கு, இங்கே வெயில். கறை மட்டும் இரண்டு பக்கமும் பொது.

இப்போது கொஞ்சம் எழுந்து நிற்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறோம்.

எல்லாப்ரகட சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போன மாணவர். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது அறுவை சிகிச்சையை விட வலித்தது. விளைவு, படித்தது எம்.பி.பி.எஸ். படிப்பு, கையில் கிடைத்தது எல்.எம்.எஸ். என்ற ஒரு படி குறைந்த பட்டம். 'இந்த ஆள் டாக்டராகத் தேறமாட்டார்' என்று சென்னை முடிவு செய்தது. 1923-ல் அவர் ஹார்வர்டுக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் சென்னைதான் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் லெடர்லே கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழு அமினோப்டெரின் என்ற மருந்தைச் செய்தது. நோக்கம், புற்றுநோய். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதல்முறையாகத் தற்காலிகமாகவாவது அடக்கிக் காட்டிய மருந்து அது. அந்தச் செய்தி வெளியான 1948-லேயே சுப்பாராவ் தூக்கத்தில் இறந்துபோனார். தன் மருந்து தோலுக்கும் உதவும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்தது 1951-ல். ரிச்சர்ட் கப்னர் என்ற டாக்டர் மூட்டுவாதக்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார். சொரியாசிஸும் இருந்த நோயாளிக்குச் செதில் மறைந்துகொண்டிருந்தது. முட்டியைக் குறிவைத்து எறிந்த கல், முதுகில் மாங்காய் அடித்தது! அதன் தம்பி மெத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் உலகெங்கும் எழுதப்படும் மாத்திரை. (வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை. தினமும் போட்டால் ஆளையே தூக்கிவிடும். இந்த அடைப்புக்குறிக்குள் மட்டும் நான் சீரியஸ்.)

செல்கள் பெருகுவதைத் தடுக்கிற மருந்து வேலை செய்ததும், நிபுணர்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. 'பார்த்தீர்களா, குற்றவாளி தோல்தான். தோல் செல்களுக்குத்தான் அவசரப் புத்தி' என்று கேஸை முடித்தார்கள். தீர்ப்பு எழுதிப் பேனாவை மூடும் நேரத்தில் நார்வேயிலிருந்து ஒரு பொட்டலம் மண் வந்தது.

சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் ஊழியர்கள் லீவில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் அள்ளி வர வேண்டும், அதிலிருக்கும் காளானில் மருந்து கிடைக்குமா என்று பார்க்க. நாம் டூர் போனால் அல்வா வாங்கி வருகிற மாதிரி. 1969-ல் ஒருவர் நார்வேயின் ஹர்டாங்கர் பீடபூமியிலிருந்து அள்ளி வந்த மண்ணில் சைக்ளோஸ்போரின் இருந்தது. சிறுநீரக மாற்று சிகிச்சையின் தலையெழுத்தையே அது மாற்றியது. லீவில் போயும் ஆபீஸ் வேலை பார்த்தவர் சரித்திரத்தில் இடம்பெற்ற அபூர்வ சந்தர்ப்பம்.

1979-ல் அந்த சைக்ளோஸ்போரினை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். (மறுபடியும் மூட்டு!) மறுபடியும் சொரியாசிஸ் மறைந்தது. ஆனால் இந்தத் தடவை எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் சைக்ளோஸ்போரின் முக்கியமாக அடக்குவது தோல் செல்லை அல்ல. ரத்தத்தில் காவல் பணி பார்க்கும் டி செல்லை. அப்படியானால் அவசரப்பட்டது தோல் இல்லையா? இல்லை. யாரோ போன் போட்டு 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டியிருக்கிறார்கள். அத்தனை வருஷமாகப் போன் வந்தவனைக் கைது பண்ணி வைத்துக்கொண்டு, போன் போட்டவனை விட்டுவிட்டோம்.

அந்தப் போன் லைனுக்குத்தான் 'செல் சிக்னலிங்' என்று பெயர். பயப்படாதீர்கள், தாலுகா ஆபீஸ் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

செல்லின் வெளிச்சுவரில் ஒரு கவுன்ட்டர். அதற்கு ரிசப்டர் என்று பெயர். வெளியிலிருந்து இன்டர்லூகின் என்கிற மனு வருகிறது. கவுன்ட்டரில் மனு விழுந்ததும் உட்பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா விழித்துக்கொள்கிறார். இவர் பெயர் கைனேஸ். இவருக்குத் தெரிந்த ஒரே வேலை, பாஸ்பேட் என்கிற ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவது. குத்து வாங்கியதும் 'ஸ்டாட்' என்ற ப்யூன், தன்னைப் போலவே குத்து வாங்கிய இன்னொரு ப்யூனுடன் ஜோடி சேர்ந்து, உள்ளே நியூக்ளியஸ் என்கிற பெரிய அதிகாரியின் அறைக்கு ஓடுகிறார். அங்கே ஜீன் என்கிற ஃபைல் திறக்கிறது. உத்தரவு வெளியாகிறது. சொரியாசிஸ் என்பது இந்த ஆபீஸில் லஞ்சமே இல்லாமல், லீவே இல்லாமல், ராத்திரி பகலாக வேலை நடப்பதால் வருகிற நோய்.

அந்தக் குமாஸ்தாவுக்குப் பெயர் வைத்த கதையைக் கேளுங்கள். 1989-ல் மெல்போர்னில் ஆண்ட்ரூ வில்க்ஸ் என்ற விஞ்ஞானி புதுப் புதுக் கைனேஸாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வலையை வீசினால் கொத்துக் கொத்தாக விழுகிற காலம். இரண்டு புது ஆள் சிக்கியதும் சலித்துப்போய், 'இன்னுமொரு கைனேஸ்' என்று அர்த்தம் வருகிற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து 'ஜாக்' என்று எழுதி வைத்தார். ஏழாவது குழந்தைக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கிற நம்மூர் அப்பாவின் அதே பெருமூச்சு.

பிறகுதான் அந்த ஜாக் சாமானிய ஆள் இல்லை, டஜன் கணக்கில் மனுக்கள் இவர் மேஜை வழியாகத்தான் போகின்றன என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய ஆளை 'இன்னுமொருத்தன்' என்று கூப்பிட முடியுமா? அவசரமாக விளக்கவுரை மாறியது. ஜாக் என்றால் ஜேனஸ்! முன்னும் பின்னுமாக இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுள். இந்தக் கைனேஸுக்கும் ஒன்றை ஒன்று ஒத்த இரண்டு பகுதிகள் உண்டு, ஆகவே பொருத்தம்தானே? பொருத்தம்தான். சலிப்பில் பிறந்தவனுக்கு ஸ்தல புராணம் எழுதிவிட்டார்கள்.

இன்னொரு கூத்து. அந்த இரண்டு முகத்தில் ஒன்றுதான் ஸ்டாம்ப் குத்தும். இன்னொன்று பார்வைக்குக் கைனேஸ் மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. 'போலிக் கைனேஸ்' என்று ஓரங்கட்டினார்கள். அது சும்மா இல்லை, பக்கத்து முகத்தை 'தேவையில்லாமல் குத்தாதே' என்று பிடித்து நிறுத்துகிற சூப்பர்வைசர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜாக் குடும்பத்தில் டிக்-2 என்று ஒருவர். அவருடைய போலி முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஆளையே முடக்குகிற மாத்திரை 2022-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. எதற்கு? சொரியாசிஸுக்கு. மாத்திரையின் பெயர் டியூக்ராவாசிடினிப். வில்லன், ஹெப்ரா, கபோசி மூவரும் சேர்ந்து யோசித்திருந்தாலும் இப்படி ஒரு பெயர் வந்திருக்காது.

போன் போட்டவன் யார் என்று சொல்லவில்லையே! அதிலும் ஆள்மாறாட்டம். முதலில் எல்லா விரலும் இன்டர்லூகின்-12 பக்கம் நீண்டது. அதன் உடம்பு இரண்டு துண்டு. அதில் பி-40 என்ற துண்டைப் பிடித்து அமுக்குகிற ஊசி மருந்தைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2000-ல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு குண்டைப் போட்டது. அதே பி-40 துண்டு, வேறொரு துண்டுடன் ஜோடி சேர்ந்து இன்டர்லூகின்-23 என்ற இன்னொரு வேஷமும் கட்டுகிறது! டபுள் ஆக்ட்! அசல் குற்றவாளி அந்த இரண்டாவது வேஷம்தான் என்று பிறகு முடிவானது. ஊசி மருந்து? அது பொதுத் துண்டைப் பிடிப்பதால் இருவரையும் சேர்த்தே அமுக்கியது. 2009-ல் அனுமதியும் வாங்கியது. தப்பான ஆளைப் பிடிக்கப் போட்ட வலையில் சரியான ஆளும் சேர்ந்து விழுந்த கேஸ். போலீஸ் படத்தில் இதை வைத்தால் லாஜிக் இல்லை என்பீர்கள்.

ஸ்டாம்ப் குத்துகிற குமாஸ்தாவின் கையை நேரடியாகப் பிடிக்கிற மாத்திரையும் வந்தது. டோஃபாசிடினிப். 2012-ல் மூட்டுவாதத்துக்கு அனுமதி. (எப்போதும் மூட்டுதான் முதலில், தோலுக்குப் பந்தியில் இரண்டாம் வரிசை.) ஆபீஸையே ஸ்லோ பண்ணுகிற மருந்து என்பதால் நல்ல மனுவும் சேர்ந்து தேங்கும். தொற்று, ரத்த உறைவு, இதயக் கோளாறு என்று இந்த வகை மாத்திரைகளுக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். ஆர்சனிக்கை லாவெண்டர் வாசனையோடு கொடுத்த காலத்திலிருந்து கொஞ்சம் முன்னேறித்தான் இருக்கிறோம்.

கடைசியாக ஒரு வாலிபர். வயது 25. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சொரியாசிஸ் சிகிச்சைக்காக வந்தார். கூடவே இன்னொரு நோய்: உடம்பில் அநேகமாக எங்குமே முடி கிடையாது. புருவம், இமை, மீசை எதுவுமில்லை. அவருடைய காவல் செல்களே முடியின் வேரைத் தாக்கிக்கொண்டிருந்தன. விதியின் குறும்பைப் பாருங்கள், அவர் உடம்பில் கொஞ்சநஞ்சம் முடி இருந்த ஒரே இடம், தலையில் சொரியாசிஸ் செதில் படர்ந்த திட்டுகள்தான்!

பிரெட் கிங் என்ற டாக்டர், டோஃபாசிடினிப் சொரியாசிஸையும் அடக்கலாம், முடியையும் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டார். எலிகளில் முடி வளர்ந்த செய்தி வேறு காதில் விழுந்திருந்தது. இரண்டு மாதத்தில் தலையிலும் முகத்திலும் முடி எட்டிப் பார்த்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவை! ஐந்தாவது மாதம் தலை நிறைய முடி. எட்டாவது மாதம் புருவம், இமை, அக்குள் என்று எல்லாப் பிராந்தியத்திலும் முழு அறுவடை. 2014-ல் கிங்கும் பிரிட்டனி கிரேக்ளோவும் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே ஒரே கல்லில் இரண்டு பறவை என்று பெருமை. அடுத்த வருஷம், அதே மாத்திரையைச் சொரியாசிஸுக்கு விற்க அனுமதி கேட்டபோது அமெரிக்க அரசு மறுத்துவிட்டது.

அந்த வாலிபர் ஏழு வருஷத்துக்குப் பிறகு முடி வெட்டிக்கொள்ளப் போகிற நிலைக்கு வந்தார். வந்த காரியமான சொரியாசிஸ்? கொஞ்சம் குறைந்தது.